நேப்பிள்ஸில் பீட்சா கற்க: கடை வகுப்பா, பள்ளியா, வீட்டு வகுப்பா?

இத்தாலியின் நேப்பிள்ஸ் நகருக்குப் போகிறவர்கள் அரை நாளைப் பீட்சா வகுப்புக்கு ஒதுக்குவது இப்போது சகஜம். முன்பதிவுத் தளங்களில் பார்த்தால் எல்லா வகுப்பும் ஒன்றுபோலத்தான் இருக்கும்: விறகு அடுப்பின் படம், மாவு படிந்த கைகள், கடைசியில் ஒரு சான்றிதழ். உள்ளே நடப்பது வகுப்புக்கு வகுப்பு மாறும். விலையையும் நட்சத்திர மதிப்பீட்டையும் மட்டும் பார்த்துப் பணம் கட்டினால் பாதிப் பேருக்கு ஏமாற்றம்தான். பார்க்க வேண்டியவை வேறு இரண்டு: எத்தனை மாவு உருண்டைகளை நீங்களே விரிப்பீர்கள்? ஊர் திரும்பியதும் எந்த அடுப்பில் செய்வீர்கள்?

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். இரண்டு மணி நேர வகுப்பில் நீங்கள் பிசைகிற மாவு அந்த வகுப்பிலேயே அடுப்புக்குள் போகாது. ஐரோப்பிய ஒன்றியம் 2010இல் பாரம்பரியச் சிறப்பு உணவாகப் பதிவுசெய்த நேப்பிள்ஸ் பீட்சாவின் செய்முறையே அதற்குக் காரணம். 1 லிட்டர் தண்ணீர், 50–55 கிராம் உப்பு, 3 கிராம் பச்சை ஈஸ்ட், சுமார் 1.8 கிலோ மாவு. உப்பைத் தண்ணீரில் கரைத்து, மாவில் பத்தில் ஒரு பங்கைப் போட்டு, அதன் பிறகு ஈஸ்ட்டைக் கரைத்து, மீதி மாவைப் பத்து நிமிடங்களில் சிறிது சிறிதாகச் சேர்த்து, இன்னும் 20 நிமிடம் மெதுவாகப் பிசைய வேண்டும். பிறகு ஈரத்துணி மூடி 2 மணி நேரம் ஓய்வு. 180–250 கிராம் உருண்டைகளாகப் பிரித்த பின் பெட்டியில் இன்னும் 4 முதல் 6 மணி நேரம். ஆக, காலை பிசைந்தால் மாலைதான் பீட்சா. வகுப்பில் உங்கள் கைக்கு வரும் உருண்டை கடைக்காரர் முன்கூட்டியே செய்து வைத்தது. அதில் தவறில்லை. ஆனால் “மாவு முதல் தட்டு வரை எல்லாம் உங்கள் கையால்” என்று எழுதியிருந்தால் அதை அப்படியே நம்ப வேண்டாம். நீங்கள் பிசைந்ததைப் பொட்டலம் கட்டிக் கையில் கொடுக்கும் வகுப்புகளும் உண்டு. ஹோட்டல் அறையில் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பது வேறு விஷயம்.

கடைகளில் நடக்கும் வகுப்பு

பழைய நகரின் வியா தெய் திரிபுனாலி தெருவையும் அதைச் சுற்றியுள்ள சந்துகளையும் ஒட்டிய பீட்சா கடைகள், மதியக் கூட்டத்துக்கு முன்போ மாலை கடை திறப்பதற்கு முன்போ வகுப்பு நடத்துகின்றன. இரண்டு மணி நேரம், ஒருவருக்குப் பொதுவாக 40 முதல் 70 யூரோ, அதிலேயே பீட்சாவும் ஒரு பானமும் அடங்கும். முதல் அரை மணி நேரம் பேச்சும் பிசைந்து காட்டுவதும். அடுத்தது உருண்டை விரித்தல். பிறகு தக்காளி, சீஸ், அடுப்பு, சாப்பாடு.

இந்த வகுப்பின் உண்மையான மதிப்பு விரிப்பதில் இருக்கிறது. புத்தகமோ காணொளியோ கற்றுத்தர முடியாத பகுதி அதுதான். நேப்பிள்ஸ் பீட்சாக்காரர்களின் கலையை யுனெஸ்கோ 2017இல் மனிதகுலப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தபோது கௌரவம் பெற்றதும் இந்தக் கைவேலைதான். மாவு தூவிய பலகையில் உருண்டையை வைத்து, இரு கை விரல் நுனிகளால் நடுவிலிருந்து வெளிப்புறமாக அழுத்திக்கொண்டே போக வேண்டும். ஓரத்தில் 1–2 செ.மீ. தொடவே கூடாது. உள்ளிருக்கும் காற்று அந்த ஓரத்துக்குத் தள்ளப்பட்டு, அடுப்பில் அதுதான் உப்புகிறது. திருப்பிப் போட்டு அதையே இன்னொரு முறை செய்ய வேண்டும். பிறகு ஒரு கையால் ஒரு பக்கத்தைப் பலகையோடு பிடித்துக்கொண்டு, மறு கையால் எதிர்ப்பக்கத்தை இழுத்து, புறங்கை வழியாக மடித்துத் தட்டி, கால் சுற்று திருப்பிப் போட வேண்டும். தேர்ந்தவர்களுக்கு நாலைந்து தட்டில் முடிந்துவிடும். நடு மெலிந்து கால் சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாக இருக்கும், விட்டம் 35 செ.மீ.க்குள் நிற்கும். பூரிக்கட்டை எடுத்தால் வேலை கெட்டது: ஓரத்துக் காற்று மொத்தமும் வெளியேறி அப்பளம் போல் தட்டையாகிவிடும்.

புதியவர்கள் தடுமாறும் இடங்கள் கிட்டத்தட்ட எப்போதும் ஒன்றேதான். மாவு விரிய மறுத்துச் சுருங்கிக்கொண்டே இருந்தால் உருண்டை குளிர்ந்திருக்கிறது, அல்லது போதிய ஓய்வு கிடைக்கவில்லை. பலத்தால் இழுக்காமல் பத்து நிமிடம் விட வேண்டும். நடுவில் ஓட்டை விழுந்தால் கட்டைவிரலால் அழுத்தியதுதான் காரணம். அடிப்பக்கம் கறுத்துக் கசந்தால் பலகையில் தூவிய மாவு அதிகம்: அடுப்பின் உள்ளே 430 முதல் 485 டிகிரி வரை இருக்கும், ஒட்டியிருக்கும் வறண்ட மாவு நொடிகளில் கருகும். அடுப்புக்குள் தள்ளும் தட்டில் பீட்சா ஒட்டிக்கொண்டு நகர மறுத்தால் தக்காளிச் சாறு ஓரம் தாண்டி அடியில் கசிந்திருக்கும், அல்லது அலங்கரித்த பின் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்திருப்பீர்கள். தக்காளி போட்டதிலிருந்து அடுப்பு வரை ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது. தக்காளியும் மொசரெல்லா சீஸும் போடும் மார்கெரிட்டா பீட்சாவுக்குத் தக்காளி 60–80 கிராம், மொசரெல்லா 80–100 கிராம். தாராள மனசு இங்கே உதவாது. 60–90 நொடிகளில் வேகிற பண்டத்தில் கூடுதல் ஈரம் ஆவியாக நேரமே இல்லை, நடு குளமாகிவிடும். எருமைப்பால் மொசரெல்லாவை முந்தைய நாளே நறுக்கி வடியவிடுவதும் இதற்காகத்தான்.

இவ்வளவு பாடமும் ஒரே ஒரு உருண்டையில் கைக்கு வராது. ஒருவருக்கு ஒரு உருண்டை மட்டும் தரும் வகுப்பு ஒரு நல்ல மதியச் சாப்பாடு, அவ்வளவே. இரண்டு கொடுத்தால் முதலில் செய்த தவறை இரண்டாவதில் திருத்தலாம். மூன்று கொடுக்கும் இடம் கிடைத்தால் 20 யூரோ கூடுதலானாலும் அங்கே போவதே மேல். குழுவின் அளவும் இதோடு சேர்ந்தது. எட்டுப் பேருக்கு மேல் போனால் ஆசிரியர் உங்கள் கையைப் பார்க்க மாட்டார், அறையைப் பார்த்துப் பேசுவார்.

அடுப்பு வேலையைப் பெரும்பாலான கடைகள் தங்கள் கையிலேயே வைத்துக்கொள்கின்றன. பாலா என்கிற நீளக் கைப்பிடித் தட்டால் பீட்சாவை உள்ளே விடுவது, முப்பது நொடியில் சிறிய வட்டத் தட்டால் அதே இடத்திலேயே சுழற்றுவது, கடைசியில் குவிமாடத்தின் சூட்டுக்கு இரண்டு நொடி தூக்கிப் பிடிப்பது எல்லாம் பார்க்கத்தான் கிடைக்கும். அதே இடத்தில் சுழற்றுவதற்குக் காரணம் உண்டு. பீட்சா கிடந்த இடம் கொஞ்சம் ஆறியிருக்கும், வேறு இடத்துக்கு நகர்த்தினால் கல்லின் முழுச் சூடு மறுபடி அடியைத் தாக்கி எரித்துவிடும். இந்த வேலையை உங்கள் கையில் கொடுக்கிறார்களா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். கொடுக்கும் கடைகள் அரிது, கொடுத்தால் அதுவே அந்த வகுப்பின் சிறந்த பத்து நிமிடம்.

சங்கத்தின் பள்ளி

1984இல் தொடங்கிய அசல் நேப்பிள்ஸ் பீட்சா சங்கத்தின் தலைமையகம் கப்போதிமோன்தே பகுதியில், பழைய நகருக்கு வடக்கே மேட்டில் இருக்கிறது. பயிற்சிப் பள்ளியும் அங்கேதான். சமையல் ஆர்வலர்களுக்கான குறுகிய வகுப்பும், கடை வைக்கப்போகிறவர்களுக்கான பல நாள் தொழிற்பயிற்சியும் உண்டு. பின்னதற்கு ஆயிரம் யூரோவுக்கு மேல் ஆகும், விடுமுறை முழுவதையும் அது விழுங்கிவிடும்.

கடையில் “இப்படித்தான்” என்று முடிவதை இங்கே “ஏன்” என்று விளக்குவார்கள். மாவின் பலத்தை அளக்கும் டபிள்யூ எண், தண்ணீரின் சூடு, பிசைந்து முடித்த மாவின் வெப்பம் 23–25 டிகிரியில் நிற்க வேண்டியது எல்லாம் பாடத்தில் வரும். “00” என்பது மாவு எவ்வளவு நைசாக, தவிடு நீங்கி அரைக்கப்பட்டது என்பதைத்தான் சொல்கிறது, அதன் பலத்தை அல்ல. நேப்பிள்ஸின் கபூட்டோ ஆலையிலேயே நீலப் பை, சிவப்புப் பை இரண்டுமே 00தான். ஆனால் எட்டு மணி நேரப் புளிப்புக்கு நீலம் பொருந்தும், ஒரு நாளுக்கும் மேல் நீளும் புளிப்புக்குச் சிவப்புதான் தாங்கும். இது தெரியாமல் நீலப் பை மாவை இரண்டு நாள் குளிர்பெட்டியில் வைத்துவிட்டு, மறுநாள் உருண்டை கிழிகிறதே என்று ஈஸ்ட்டைத் திட்டுகிறவர்கள் ஏராளம்.

யாருக்கு இது? கடை எண்ணம் உள்ளவர்களுக்கு. அடுத்து, வீட்டில் 450 டிகிரி எட்டும் சிறிய கேஸ் அல்லது விறகு பீட்சா அடுப்பு வைத்திருப்பவர்களுக்கு. லண்டனிலும் டொரண்டோவிலும் கொல்லைப்புறத்தில் அப்படியொன்று வாங்கிப் போட்ட தமிழ்க் குடும்பங்கள் இப்போது நிறைய. அவர்களுக்கு அரை நாள் கடை வகுப்பைவிடப் பள்ளியின் ஒரு முழு நாள் பல மடங்கு பயன் தரும். அந்த அடுப்பில் பள்ளியின் பாடம் அப்படியே செல்லும்.

வீட்டு வகுப்பு

ஒரு நேப்பிள்ஸ்காரரின் வீட்டுச் சமையலறையில் நாலைந்து பேருக்கு நடக்கும் வகுப்புக்கு ஒருவருக்கு 80 யூரோவிலிருந்து 130 வரை கேட்பார்கள். விறகு அடுப்பு இல்லை, பிரபலமான பெயர்ப்பலகை இல்லை, படம் எடுத்தால் எடுப்பாகவும் இராது. அதனாலேயே பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். வீட்டில் ஓ.டி.ஜி. என்கிற சிறிய மின் அடுப்பு வைத்திருப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான் என்பது எங்கள் கணிப்பு.

காரணம் எளிது. கடையின் மாவில் மாவு, தண்ணீர், உப்பு, ஈஸ்ட் தவிர எதுவும் இல்லை. எண்ணெய் கிடையாது, சர்க்கரை கிடையாது. ஒன்றரை நிமிடத்தில் வேகும் மாவு அது. அதையே 250 டிகிரி ஓ.டி.ஜி.யில் போட்டால் ஏழெட்டு நிமிடம் கிடக்க வேண்டும். அதற்குள் ஈரம் வற்றி, நிறமும் ஏறாமல், வெளிறிய கெட்டி ரொட்டியாகத்தான் வெளியே வரும். கடை வகுப்பில் வாங்கிய செய்முறைத் தாளை வீட்டில் அட்சரம் பிசகாமல் பின்பற்றியும் தோற்கிறார்களே, அதற்கு இதுதான் காரணம். கையில் குறை இல்லை, சூட்டில்தான் குறை.

நேப்பிள்ஸ் வீடுகளில் இதற்குப் பழைய விடை ஒன்று உண்டு: ருவோத்தோ என்னும் வட்டத் தகரத் தட்டில் சுடும் பீட்சா. 28–30 செ.மீ. தட்டில் எண்ணெய் தடவி, சுமார் 300 கிராம் மாவை விரல்களால் பரப்பி, தட்டிலேயே ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ உப்பவிட வேண்டும். தக்காளியை மட்டும் ஊற்றி, அடுப்பின் கீழ்த் தட்டில் அதிகபட்சச் சூட்டில் 10–12 நிமிடம். வெளியே எடுத்து மொசரெல்லா தூவி இன்னும் நாலைந்து நிமிடம். சீஸை முதலிலேயே போட்டால் அடி வேகும் முன் அது எண்ணெய் கக்கி ரப்பராகிவிடும். தட்டின் எண்ணெயில் அடி பொரிந்து வருவதால் அடுப்பின் சூட்டுக் குறைவு தெரியாது. பதிவுசெய்யும்போது ருவோத்தோ சொல்லித் தருவார்களா என்று கேளுங்கள். சுற்றுலாப் பயணிகளுக்கு வட்ட பீட்சாதான் வேண்டும் என்று நினைத்துப் பல வீடுகளில் அதை விட்டுவிடுகிறார்கள்.

வீட்டு வகுப்பில் இன்னொரு வசதி, பல இடங்களில் நேரம் நீளும். மாலை நாலு மணிக்கு உருண்டை பிடித்து எட்டு மணிக்குச் சாப்பிடும் வகுப்பு கிடைத்தால், நீங்கள் பிடித்த உருண்டை உங்கள் தட்டுக்கே வரும். குழந்தைகளோடு போகிறவர்களுக்கும் கடையின் அனல், வழுக்கும் தரை, அவசரம் எதுவும் இல்லாத வீடே நல்லது.

பொரித்த பீட்சாவை மறக்க வேண்டாம்

வகுப்புப் பட்டியல்களில் கீழே கிடப்பது பொரித்த பீட்சா. இரண்டாம் உலகப் போரில் அடுப்புகள் இடிந்து, மாவும் விறகும் அரிதான காலத்தில் வீட்டு வாசலில் எண்ணெய்ச் சட்டி வைத்துப் பெண்கள் விற்ற பண்டம். இன்று சாப்பிட்டு எட்டு நாள் கழித்துப் பணம் கொடுக்கும் கடன் வழக்கமும் அதோடு சேர்ந்தே இருந்தது. பீட்சா சுடும் அடுப்பே இல்லாத தமிழ்ச் சமையலறைக்கு நேப்பிள்ஸிலிருந்து எடுத்துவரத்தக்கது இதுதான். இதற்கு வேண்டியது ஒரு அகலமான இருப்புச் சட்டி மட்டும்.

வகை இரண்டு. மொந்தனாரா என்பது சின்ன வட்டம்: 80–100 கிராம் உருண்டையை உள்ளங்கை அளவுக்கு விரித்து, 180–190 டிகிரி எண்ணெயில் ஒரு பக்கம் முப்பது நாற்பது நொடி பொரித்து, வடித்து, கெட்டியாக்கிய தக்காளிச் சாறும் சீஸும் துளசி இனமான பசிலும் மேலே வைப்பது. மாதெர்தெய் பகுதியின் ஸ்தாரித்தா கடை இதற்குப் பெயர் பெற்றது. இன்னொன்று உள்ளே ரிக்கோத்தா என்னும் மென்மையான சீஸ் வைத்து மூடிய பெரியது. இதில்தான் விபத்துகள். ரிக்கோத்தா சரியாக வடியாமல் ஈரம் நின்றால் உள்ளே ஆவி சேர்ந்து வெடித்து எண்ணெய் தெறிக்கும். மூடும் விளிம்பில் மாவுத் தூள் ஒட்டியிருந்தாலும் ஒட்டாமல் பிரியும். விளிம்பைத் துடைத்து, அழுத்தி, உள்ளே காற்று நிற்காமல் மூட வேண்டும். எண்ணெயில் விட்டதும் கரண்டியால் சூடான எண்ணெயை மேலே அள்ளி ஊற்றிக்கொண்டே இருந்தால்தான் மேல்பக்கம் உப்பும். வெளியில் மாவுத்தூள் அதிகம் ஒட்டியிருந்தால் அது எண்ணெயில் இறங்கிக் கருகி, மூன்றாவது பீட்சாவுக்குள் சட்டி முழுவதும் கறுத்துவிடும்.

பொரிப்பதற்கென்றே தனி வகுப்பு குறைவு. சில கடைகள் வழக்கமான வகுப்போடு ஒரு மொந்தனாராவைச் சேர்த்துத் தருகின்றன. அப்படி ஒன்று இருந்தால் மற்ற எல்லாம் சமமாக இருக்கும்போது அதையே எடுக்கலாம்.

ரோமும் பயணத்தில் இருந்தால்

வேக ரயிலில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல்தான் ரோம். அங்கே தட்டு நிறையச் சுட்டு வெட்டி விற்கும் பீட்சாவுக்குத் தனி மரபு இருக்கிறது. காப்ரியேலே பொன்சி 2003இல் பீட்சாரியூம் கடையைத் திறந்த பிறகு உலகம் முழுவதும் அது பேசப்பட்டது. அதில் தண்ணீர் மாவின் எடையில் 75–80 சதவீதம், கொஞ்சம் எண்ணெய், குளிர்பெட்டியில் 24 மணி நேரமோ அதற்கு மேலோ. வீட்டு அடுப்பின் 250 டிகிரிக்கு இது நன்றாகப் பொருந்தும். 30×40 செ.மீ. தட்டுக்கு 600–700 கிராம் மாவு. ஆனால் ரோமின் பொதுவான சுற்றுலா வகுப்புகள் பலவும் இதைத் தொடாமல், பாஸ்தாவோடு ஒட்டிய ஒரு வட்ட பீட்சாவில் முடிந்துவிடுகின்றன. தட்டு பீட்சா என்று தெளிவாக எழுதியிருந்தால் மட்டும் போங்கள். ரோமில் சாதாரண வட்ட பீட்சா கற்பதைவிட நேப்பிள்ஸ் வரை வந்துவிடுவதே சரி.

சைவர்கள் கேட்க வேண்டியவை

மார்கெரிட்டா சைவம் என்று எல்லோரும் சொல்வார்கள், அவர்கள் கணக்கில் அது சரிதான். கண்டிப்பான சைவர்களுக்கு அவ்வளவு எளிதில்லை. நேப்பிள்ஸ் இருக்கும் கம்பானியா மாநிலத்தின் எருமைப்பால் மொசரெல்லாவுக்குக் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும், பாலைத் திரையச் செய்யும் ரெனெட் பயன்படுத்த வேண்டும் என்பது அதன் விதியிலேயே இருக்கிறது. கெட்டிச் சீஸ்களில் பார்மிஜானோவுக்கும் கன்று ரெனெட்தான், பெக்கொரினோ ரொமானோவுக்கு ஆட்டுக்குட்டி ரெனெட். மேலே தூவுவது பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்று. தாவர ரெனெட் போட்ட சீஸைக் கடையில் எதிர்பார்க்க முடியாது. பிரச்சினையே இல்லாதது மாரினாரா: தக்காளி, பூண்டு, ஒரேகனோ, ஆலிவ் எண்ணெய், அவ்வளவுதான். பழைய கடைகள் இன்றும் பெருமையாகப் போடும் பீட்சா அது. வகுப்பில் அதையே செய்யக் கேட்டால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். பொரித்த பீட்சாவில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். மூடிய வகையின் உள்ளே சிக்கொலி என்னும் பன்றிக் கொழுப்புத் துண்டுகள் வழக்கமாக இருக்கும், பன்றிக் கொழுப்பிலேயே பொரிப்பதும் பழைய முறைதான். எண்ணெய் எது என்று கேட்டுவிடுங்கள்.

ஊர் திரும்பிய பின்

சென்னை வெயிலில் நேப்பிள்ஸ் அளவு ஈஸ்ட் போட்டால் எட்டு மணி நேரத்தில் மாவு பெட்டியை விட்டு வெளியே வந்துவிடும். நான்கு பீட்சாவுக்கு 625 கிராம் மாவு, 375 கிராம் தண்ணீர், 17 கிராம் உப்பு என்று வைத்துக்கொண்டால், 30 டிகிரிக்கு மேல் இருக்கும் சமையலறையில் உலர் ஈஸ்ட் ஒரு சிட்டிகை போதும். பச்சை ஈஸ்ட் சொன்ன இடத்தில் உலர் ஈஸ்ட் மூன்றில் ஒரு பங்குதான். தண்ணீரைக் குளிரக் குளிர ஊற்றுங்கள். நம்மூர் மைதாவில் புரதம் பெரும்பாலும் 10 சதவீதத்தை ஒட்டியே இருக்கும், நேப்பிள்ஸ் மாவில் 12.5 அளவு. அதனால் மைதாவை நீண்ட நேரம் புளிக்கவிடக் கூடாது, தண்ணீரையும் 60 சதவீதத்துக்கு மேல் கொண்டுபோக வேண்டாம்.

பதிவுசெய்யும் முன்

ஆகஸ்ட் 15ஐ ஒட்டிய இரண்டு வாரங்கள் பல குடும்பக் கடைகள் மூடியிருக்கும். ஞாயிறன்று மூடும் கடைகளும் உண்டு. வெள்ளி, சனி மாலை வகுப்புகளில் ஆசிரியரின் கண் கடிகாரத்தின் மேலேயே இருக்கும். வார நாளில் காலை 10 அல்லது 11 மணி வகுப்பு நிதானமானது, அடுப்பும் அப்போதுதான் சூடேறி நிற்கும். பாதத்தை மூடும் செருப்போ காலணியோ போடுங்கள்.

பணம் கட்டும் முன் நடத்துபவருக்கு இப்படி ஒரு செய்தி அனுப்பினால் போதும்: “ஒருவருக்கு எத்தனை உருண்டை? குழுவில் அதிகபட்சம் எத்தனை பேர்? அடுப்பில் நானே வைத்து எடுக்கலாமா? 250 டிகிரி வீட்டு அடுப்புக்கு ஏற்ற மாவு சொல்லித் தருவீர்களா?” நாலில் மூன்றுக்கு நேரான பதில் வந்தால் பதிவுசெய்யலாம். “கவலை வேண்டாம், மறக்க முடியாத அனுபவம்” என்று பதில் வந்தால் அடுத்த கடையைப் பாருங்கள்.